கலைச்சொல்: ரக்பியில் ‘திரீ குவாட்டர் பேக்’ – ஃபிராங்க் ஹான்காக் பதிவுக்காக

குழுவினர்க்கு வணக்கம்.

ஃபிராங்க் ஹான்காக் (1859–1943) பற்றிய பதிவு முடியும் நிலையில் இருக்கிறது. இங்கிலாந்தின் சாமர்செட்டில் பிறந்து, குடும்பத்தின் பீர் தொழிலை ஒட்டிக் கார்டிஃப் வந்து, 1884 முதல் 1886 வரை வேல்ஸ் அணிக்கு 4 ஆட்டங்கள் ஆடியவர். இடறுவது ஒரே சொல்: திரீ குவாட்டர் பேக், ஆடுகளத்தில் ஆட்டக்காரர் நிற்கும் ஒரு நிலையின் பெயர். அந்த நிலையில் மூன்று பேர் நின்ற காலத்தில் நாலாவது ஆளாக வந்தவர் என்பதுதான் அவருடைய புகழே. சொல்லைத் தாண்டிப் போக வழியில்லை. வரைவில் ‘பின்வரிசை ஆட்டக்காரர்’, ‘நாலு முக்கால் முறை’ என்று எழுதியிருக்கிறேன். திருத்துங்கள்.

---

> பின்வரிசை ஆட்டக்காரர்

இது வேண்டாம். ஸ்க்ரம்மில், அதாவது இரு அணியினரும் பிணைந்து நின்று பந்துக்காக மல்லுக்கட்டும் இடத்தில், முட்டித் தள்ளும் முன்னணியினரிலேயே கடைசி வரிசைக்குத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். படிப்பவர் ஹான்காக்கை ஸ்க்ரம்முக்குள் தேடுவார். கால்பந்திலிருந்து ‘தடுப்பாட்டக்காரர்’ என்று கடன் வாங்கவும் முடியாது. பின்னால் நின்றாலும் பந்தைக் கைமாற்றி ஓடி ட்ரை வைப்பது (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதிப்பது) இவர்கள் வேலை.

> நாலு முக்கால் முறை

மணி நாலே முக்கால் என்றுதான் காதில் விழுகிறது!

மூலப் பெயரில் இருப்பது ஆளின் அளவு அல்ல, ஆழத்தின் அளவு. ஸ்க்ரம்முக்கு அடுத்து நிற்பவர் அரை, கடைசியில் காவல் நிற்பவர் முழு. இருவருக்கும் இடையில் 1870களில் ஒரு நிலை முளைத்தபோது அது முக்கால் ஆயிற்று. அரை, முக்கால், முழு என்ற படிவரிசை நம்மிடம் அப்படியே இருக்கிறது. ‘நிலை’ சேர்த்தால் போதும்: அரைநிலையர், முக்கால்நிலையர், முழுநிலையர். ‘முக்காலர்’ என்று சுருக்கினால் முக்காலி எட்டிப் பார்க்கும். ‘அரையர்’ என்றால் திருவரங்கம் போய்விடுவோம்.

---

அரைநிலையர் என்பதில் அரைவேக்காட்டு வாடை வராதா? ‘வேல்ஸ் முறை’ என்று முடித்துவிட்டால் என்ன?

---

அரையாண்டுத் தேர்வில் வராத வாடை இங்கும் வராது. ‘வேல்ஸ் முறை’ 1894இலேயே உடைந்துவிடுகிறது: பர்கன்ஹெட்டில் இங்கிலாந்தும் நால்வரை நிறுத்தி, 24–3 என்று வேல்ஸைத் தோற்கடித்தது.

எண்ணிக்கையைச் சொல்லின் கடைசியில் வையுங்கள்: ‘முக்கால்நிலை மூவர்’, ‘முக்கால்நிலை நால்வர்’. நால்வர் என்றதும் அப்பரும் சம்பந்தரும் நினைவுக்கு வருவார்கள்தான், பாதகமில்லை.

1886 ஜனவரி 9, கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க்கில் ஸ்காட்லாந்துடன் நடந்த ஆட்டத்தை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். சர்வதேச ஆட்டத்தில் நால்வர் இறங்கியது அதுதான் முதல் முறை, தலைவர் ஹான்காக். பழைய அமைப்பு 9 முன்னணியர், 2 அரைநிலையர், 3 முக்கால்நிலையர், 1 முழுநிலையர். புதியது 8, 2, 4, 1. இரண்டும் 15தான், ஆனால் கூடிய ஒருவர் ஸ்க்ரம்மிலிருந்து பிடுங்கப்பட்டவர். ஸ்காட்லாந்தின் 9 பேர் வேல்ஸின் 8 பேரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பந்து வெளியே வந்தால்தானே நால்வருக்கு வேலை? ஆட்டத்தின் நடுவிலேயே ஹான்காக், முழுநிலையர் ஹாரி போவனை முன்னணிக்கு இழுத்து, முக்கால்நிலையிலிருந்த ஆர்தர் கூல்டை முழுநிலைக்கு அனுப்பினார். நால்வர் மூவரானார்கள், ஆட்டமும் தோல்வி. ஹான்காக் அதன்பின் வேல்ஸுக்கு ஆடவில்லை.

இந்தப் பத்தியை எழுத நமக்கு மூன்று வேண்டும்: நிலையின் பெயர், அதில் நிற்பவரின் பெயர், எத்தனை பேர் என்ற எண். மூன்றையும் ஒரே சொல்லில் திணித்ததுதான் ‘நாலு முக்கா’லின் கோளாறு.

---

சொல் சரி. தகவலில் ஒரு திருத்தம். வரைவில் ‘நால்வர் முறையை ஹான்காக் கண்டுபிடித்தார்’ என்றிருக்கிறது. 1884 பிப்ரவரியில் கார்டிஃப் அணியின் வழக்கமான முக்கால்நிலையர் ஒருவர் இல்லாததால் செல்ட்னம் கல்லூரிக்கு எதிராக இவரை இறக்கினார்கள். இரண்டு ட்ரை வைத்தார். அடுத்து குளோஸ்டருடன் பிப்ரவரி 23இல் ஆட்டம். பழையவரை நீக்கவும் மனமில்லை, இவரை விடவும் மனமில்லை. தேர்வுக் குழு இருவரையும் நிறுத்தியது. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு! அதை முறையாக்கியதில்தான் ஹான்காக்கின் பங்கு. அவர் தலைமையில் 1885–86 பருவத்தில் கார்டிஃப் 27 ஆட்டங்களில் 26 வென்றது. வைத்த ட்ரை 131, விட்டது 4. கடைசி ஆட்டத்தில் மோஸ்லியிடம் தோற்றது.

---

நன்றி. வரைவை மாற்றிவிட்டேன்:

“தேர்வுக் குழுவின் சங்கடத்தில் பிறந்த முக்கால்நிலை நால்வர் அமைப்பைக் கார்டிஃப் அணியில் நிலைநிறுத்தியவர். 1886இல் வேல்ஸ் கைவிட்ட இவ்வமைப்பு, 1888 டிசம்பரில் ஸ்வான்சியில் நியூசிலாந்து நேட்டிவ்ஸ் அணியை வென்ற ஆட்டத்தில் திரும்பி வந்தது.”

நால்வரில் நடு இருவரையும் ஓர இருவரையும் பிரித்துச் சொல்ல இன்னும் சொல் இல்லை. ஹான்காக் நடுவில் ஆடியவர். எதிராளியைத் தன் பக்கம் இழுத்துவிட்டு ஓரத்தவருக்குப் பந்தைக் கொடுப்பது நடுவரின் வேலை என்று எழுதினேன். வாசித்தால் விசில் ஊதுபவர் பந்தைக் கொடுப்பதுபோல் இருக்கிறது. ‘நடு முக்கால்நிலையர்’, ‘ஓர முக்கால்நிலையர்’ என்று இப்போதைக்கு நீட்டி வைத்திருக்கிறேன்.