ஹோல்டனோட அம்பதாயிரம் டாலர்

குழு: மொட்டை மாடி சினிமா (குடும்பம்)

மீனா: ⏩ பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது
"அறிந்துகொள்ளுங்கள்!! ஹாலிவுட் நடிகர் வில்லியம் ஹோல்டன் ஒரே படத்துக்கு வாழ்நாள் பென்ஷன் வாங்கினார். ஆஸ்கர் மேடையில் கோபத்தில் ரெண்டே வார்த்தை பேசினார். படத்துக்காக நிஜ குவாய் பாலத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள்!!"

மீனா: பெரியப்பா, ஞாயித்துக்கிழமை இவர் படம்தானே? இதுல எதாவது ஒண்ணாவது உண்மையா?

சுந்தரம் பெரியப்பா: முதல்ல சொன்னது முக்கால்வாசி உண்மைம்மா. ஆனா பென்ஷன் இல்ல. சம்பள பாக்கி.

கார்த்தி: கடைசி சுத்தப் பொய். பாலத்துக்கு நான் வர்றேன், பெரியப்பா முதல்ல கணக்கை முடிக்கட்டும்

சுந்தரம் பெரியப்பா: 1957ல வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்'. கொலம்பியா கம்பெனி அவருக்குப் பேசினது கையில 3 லட்சம் டாலர், அதுக்கு மேல வசூல்ல 10 சதவீதம். அந்தப் பங்கை மட்டும் வருஷத்துக்கு 50,000க்கு மேல தரக்கூடாதுன்னு அவரே கேட்டு எழுதிக்கிட்டார்.

மீனா: வர்ற காசை ஏன் வேணாம்னு சொல்லணும்?

சுந்தரம் பெரியப்பா: வரி. அப்ப அமெரிக்காவுல வருமான வரியோட மேல்படி 91 சதவீதம். பெரிய தொகை ஒரே வருஷத்துல வந்து விழுந்தா மேல இருக்கிற நூறு ரூபாயில ஒம்பது ரூபாதான் மிஞ்சும். அதையே பிரிச்சு பிரிச்சு வாங்கினா கீழ்ப்படி வீதத்துல போகும். படம் வராத வருஷத்துலயும் 50,000 நிச்சயம்.

சுந்தரம் பெரியப்பா: ஓட்டை எங்கன்னா, படம் எல்லாரும் நினைச்சதைவிட பல மடங்கு ஓடிடுச்சு. உதாரணத்துக்குப் பங்கு 20 லட்சம் சேர்ந்துச்சுன்னு வை. வருஷம் 50,000னா தீர 40 வருஷம். 1957ல இருந்து அவர் இறந்த 1981க்குள்ள அமெரிக்க விலைவாசி மூணு மடங்குக்கு மேல ஏறிடுச்சு. அவருக்கு வந்தது அதே 50,000. மீதிப் பணம் அத்தனை நாளும் கம்பெனி கல்லாவுல.

மீனா: அப்ப ஏமாந்துட்டாரா?

சுந்தரம் பெரியப்பா: அப்படிச் சொல்லமாட்டேன். லாபத்துல பங்குன்னு எழுதாம வசூல்ல பங்குன்னு எழுதினார் பாரு, அதுதான் புத்திசாலித்தனம். லாபம்னா கம்பெனி ஆபீஸ் செலவு, விளம்பரம், வட்டின்னு கழிச்சுக் கழிச்சு கடைசியில பூஜ்யம் காட்டும். வசூலை அப்படி ஒளிக்கிறது கஷ்டம். இன்னொரு ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் 1950லயே பங்கு பேசினவர், ஆனா அது லாபத்துல.

ரேவதி அத்தை: அண்ணா, அந்தப் படத்துல போஸ்டர்ல முதல் பேரு ஹோல்டன், ஆஸ்கர் கூட நடிச்ச அலெக் கின்னஸுக்கு. அதையும் சொல்லுங்க. ஏழு ஆஸ்கர் வாங்கின படத்துல இவருக்கு நாமினேஷன்கூட இல்ல 😄

கார்த்தி: சரி பாலம். நிஜப் பாலம் தாய்லாந்துல காஞ்சனபுரில, இரும்பும் கான்கிரீட்டும். 1945ல விமானக் குண்டுல சேதமாச்சு, சரிபண்ணி இன்னைக்கும் ரயில் போகுது. படத்துல வர்ற மரப்பாலம் இலங்கையில கித்துல்கலன்னு ஒரு ஊர்ல, களனி ஆத்து மேல கட்டினது. நீளம் 425 அடி.

கார்த்தி: வெடிக்கிற காட்சி ஒரே தடவைதான் எடுக்க முடியும். அதனால ஆத்தைச் சுத்திப் பல கேமரா. ஒவ்வொரு கேமராக்காரரும் கேமராவை ஓடவிட்டு, பதுங்குகுழிக்குள்ள போய், "நான் பத்திரம்"னு விளக்கு சுவிட்சைப் போடணும். எல்லா விளக்கும் எரிஞ்சாத்தான் டைரக்டர் டேவிட் லீன் வெடிக்கச் சொல்லுவார்.

கார்த்தி: 1957 மார்ச் 10. இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்க வந்து உக்காந்திருக்கார். ரயில் கிளம்பிடுச்சு. ஒரு விளக்கு மட்டும் எரியல. ஆள் வெளிய நிக்கிறாரோன்னு லீன் வெடியை நிறுத்திட்டார். ரயில் பாலத்தைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் ஜெனரேட்டர்ல மோதிச்சு 🤦

மீனா: அய்யோ. அப்புறம்?

கார்த்தி: ராத்திரியோட ராத்திரியா ரயிலை நிமித்தி சரிபண்ணி மறுநாள் காலையில எடுத்தாங்க. படத்துல இருக்கிறது அந்த ரெண்டாவது நாள்தான். லீன் செஞ்சது சரின்னுதான் சொல்லுவேன். வெடிச்சிருந்தா ஒரு ஆள் போயிருக்கலாம், ரயிலைத் தூக்கி வெச்சுக்கலாம்.

முருகேசன் சித்தப்பா: எல்லாம் சரி. அந்த ரயில் பாதையில செத்த நம்மாளுங்களைப் பத்தி அந்தப் படத்துல ஒரு ஃபிரேம் கிடையாது. சயாம் மரண ரயில், ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான் ராணுவம் தாய்லாந்துல இருந்து பர்மாவுக்குப் போட்ட பாதை. 415 கிலோமீட்டர், 1943 அக்டோபர்ல முடிச்சாங்க. போர்க்கைதிங்க 60,000க்கு மேல, அதுல 12,000 பேருக்கு மேல சாவு. ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு. மலாயா ரப்பர் தோட்டத்துல இருந்து கொண்டுபோன தமிழர்களும் அதுல ஒரு பெரிய கூட்டம். காலரா, பட்டினி. பேர்ப் பட்டியல்கூட ஒழுங்கா வைக்கல.

சுந்தரம் பெரியப்பா: உண்மை முருகேசா. இந்தப் படத்துக்கு மூலமான நாவல்ல, ஹோல்டன் நடிச்ச ஷியர்ஸ்ங்கிற பாத்திரம் ஒரு பிரிட்டிஷ்காரன். அமெரிக்காவுல டிக்கெட் விக்கணும்னு ஹோல்டனுக்காக அவனை அமெரிக்கனா மாத்தத் தெரிஞ்சுது. தோட்டத் தொழிலாளி ஒருத்தனைக் காட்டத் தெரியல.

முருகேசன் சித்தப்பா: படம் போடுங்க, வேணாம்னு சொல்லல. போடுறதுக்கு முன்னாடி இதை ரெண்டு நிமிஷம் பசங்ககிட்ட சொல்லணும்.

ரேவதி அத்தை: நீங்களே சொல்லிடுங்க. ஆனா ஹோல்டன்னா முதல்ல பாக்க வேண்டியது குவாய் இல்ல. 'சன்செட் பூல்வார்ட்'. 1950.

ரேவதி அத்தை: 1939ல 'கோல்டன் பாய்'ல கதாநாயகனா வந்தப்ப வயசு 21. நடிக்கத் தெரியாம தடுமாறினவரை கூட நடிச்ச பார்பரா ஸ்டான்விக்தான் கூட உக்காந்து சொல்லிக்கொடுத்து நிறுத்தினாங்க. 1978 ஆஸ்கர் மேடையில அவங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே நன்றி சொன்னார். நடுவுல போர், ராணுவ விமானப்படைக்குப் பயிற்சிப் படம், தம்பி 1944ல போர்ல சாவு. திரும்பி வந்தா எல்லாம் சிரிச்ச முகப் பையன் வேஷம். பத்து வருஷம் அப்படியே போச்சு.

ரேவதி அத்தை: சன்செட்ல நடிக்க இருந்தது மான்ட்கோமரி கிளிஃப்ட். அவர் கழண்டுக்கிட்டதால இவருக்கு வந்துது. காசுக்காக வயசான நடிகை வீட்டுல ஒட்டிக்கிற தோத்துப்போன கதாசிரியர். அந்த அழகான முகத்துக்குப் பின்னால ஒரு சுயவெறுப்பு இருக்குன்னு டைரக்டர் பில்லி வைல்டர்தான் கண்டுபிடிச்சார்.

கார்த்தி: நீச்சல்குளக் காட்சி!! பொணம் மிதக்கும், அதுக்குக் கீழ இருந்து பாக்கிற மாதிரி இருக்கும், மேல போலீஸ்காரங்க நிப்பாங்க. தண்ணிக்குள்ள கேமராவை இறக்கிப் பாத்தாங்க, சரியா வரல. கடைசியில குளத்தோட அடியில ஒரு பெரிய கண்ணாடியைப் போட்டு, கரையில இருந்தே கேமராவை அந்தக் கண்ணாடிக்குத் திருப்பி, பிம்பத்தை எடுத்தாங்க.

மீனா: அப்ப நாம பாக்கிறது கண்ணாடி பிம்பமா 😮

கார்த்தி: ஆமா. இன்னொண்ணு, படம் முதல்ல பிணவறையில ஆரம்பிச்சுது, பொணங்க ஒண்ணோட ஒண்ணு கதை பேசும். இல்லினாய்ல எவன்ஸ்டன் ஊர்ல முன்னோட்டம் போட்டப்ப, கால் விரல்ல சீட்டு கட்டினதும் ஜனம் சிரிச்சுடுச்சு. அதோட அந்த ஆரம்பத்தையே வெட்டிட்டாங்க.

மீனா: ஆஸ்கர் கோபம்?

ரேவதி அத்தை: கோபம் இல்ல, கடிகாரம். 'ஸ்டாலக் 17'க்கு 1954ல வாங்கினார். டிவி ஒளிபரப்பு நேரம் முடிஞ்சுடுச்சு, அதனால "தேங்க் யூ"ன்னு சொல்லி இறங்கிட்டார். பிறகு பத்திரிகையில காசு கொடுத்து விளம்பரம் போட்டு எல்லாருக்கும் நன்றி சொன்னார்.

ரேவதி அத்தை: 1956ல அமெரிக்காவுல வசூல்ல நம்பர் ஒன் நட்சத்திரம். பிறகு குடி. 1966ல இத்தாலியில குடிச்சுட்டு ஓட்டி எதிர்க்கார்ல வந்தவர் செத்தார், நிறுத்திவெச்ச தண்டனையோட தப்பிச்சார். இதை ஃபார்வர்ட்ல யாரும் எழுதமாட்டாங்க. முகம் சுருங்கினதும் 1969ல 'தி வைல்ட் பன்ச்', 1976ல 'நெட்வொர்க்'. இந்த ரெண்டும் இளமைப் படங்களைவிட எனக்கு மேல். 1981 நவம்பர்ல வீட்டுல தனியா, குடிபோதையில விரிப்பு வழுக்கி, மேசையில தலை அடிபட்டு ரத்தம் போய்ச் சாவு. நாலு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. 63 வயசு.

சுந்தரம் பெரியப்பா: அப்பவும் குவாய் பாக்கி தீரல.

மீனா: சரி, ஞாயிறு சன்செட், அடுத்த வாரம் குவாய். கார்த்தி, நம்ம எட்டடித் திரைக்கு ரெண்டும் சரியா வருமா?

கார்த்தி: குவாய்ல படத்தோட அகலம் உயரத்தைப் போல 2.55 மடங்கு. எட்டடி அகலத்துல உயரம் மூணடிதான் வரும், மேலயும் கீழயும் கருப்பு. 161 நிமிஷம், ஏழரைக்குத் தொடங்கினாத்தான் பத்தே காலுக்கு முடியும். சன்செட் 110 நிமிஷம், 1.37. உயரம் நாலரை அடி, அகலம் ஆறடி சொச்சம். ரெண்டு பக்கமும் கருப்பு வரும்.

முருகேசன் சித்தப்பா: போன தடவை மாதிரி திரை நிறையணும்னு இழுத்து வெச்சுடாதீங்க. எல்லார் மூஞ்சியும் பூசணிக்கா மாதிரி இருந்துச்சு.

கார்த்தி: ப்ரொஜெக்டர்ல ஆஸ்பெக்ட் 'ஆட்டோ'. ஜூம் ஆஃப். கறுப்பு வெள்ளைப் படம், அதனால தெருவிளக்குப் பக்கம் படுதா கட்டணும். சித்தப்பா, உங்ககிட்ட தார்ப்பாய் இருக்கா?

முருகேசன் சித்தப்பா: 12க்கு 9 ஒண்ணு இருக்கு. ஆறு மணிக்கு வந்து எடுத்துக்க.