ஹீட்டர் உச்சத்தில் ஓடும்போது தானாக மாறும் கன்ட்ரோலர் என்ன செய்கிறது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பினாங்கின் பாயான் லெப்பாஸிலிருந்து:

சிப் பேக்கேஜிங் வேலை. சிப்பைப் பிசினால் மூடும் மோல்டிங் முடிந்த பாகங்களை 175 டிகிரியில் மணிக்கணக்கில் க்யூர் செய்யும், அதாவது சூட்டில் இறுக வைக்கும், ஓவன் ஒன்று. ஒரு ஷிஃப்டில் தட்டு நிரம்பியிருக்கும், அடுத்ததில் பாதிதான், அதனால் காலி, பாதி, முழு என்று மூன்று செட்டிங் வைத்து, சூடு ஏறும் வேகத்தைப் பார்த்து உள்ளே எவ்வளவு சரக்கு என்று கன்ட்ரோலரே கணித்து மாறிக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கதவைத் திறந்து மூடினால் போதும், பாதிச் சரக்குக்கே 'முழு'வுக்குத் தாவி 175ஐத் தாண்டி எகிறும்.

ட்ரெண்ட் வரைபடத்தைப் பார்த்தால், கன்ட்ரோலர் 140 சதவீதம் கேட்கிறது, ஹீட்டரால் 100க்கு மேல் தர முடியாது. கணிக்கும் பகுதிக்கோ அந்த 140தான் போகிறது. இவ்வளவு சூடு கொடுத்தும் ஏறவில்லையே, அப்படியானால் சரக்கு அதிகம் என்று அது முடிவுகட்டி, கெயின் (சூட்டுக் குறைவுக்கு எவ்வளவு பலமாகப் பதில் தருவது என்ற அளவு) கூடிய செட்டிங்கிற்கு மாறுகிறது; அது இன்னும் அதிகம் கேட்க, கணிப்பு இன்னும் கெடுகிறது. பிழையைக் கூட்டிக்கொண்டே வரும் இன்டகிரேட்டரும் தன்பாட்டுக்குச் சேர்த்துக்கொண்டே போகும். கணிப்புக்கு 100இல் வெட்டிய மதிப்பைக் கொடுத்து, ஹீட்டர் உச்சத்தில் இருக்கும்வரை இன்டகிரேட்டரையும் நிறுத்திவைத்தோம். எகிறல் அடங்கிவிட்டது. சூடு எகிறினால் கெயினைக் குறை என்று சொல்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

பிறையிலிருந்து:

அண்ணே, எங்கள் தொட்டியின் வெளியேற்ற வால்வில் வேறு தொல்லை. ஒவ்வொரு செட்டிங்கிற்கும் தொட்டி எப்படி நடக்கும் என்று கணிக்கும் மாடல் ஒன்று உண்டு; இரண்டு மாடலின் பிழையும் கிட்டத்தட்ட சமமாக வரும்போது செட்டிங் இங்கும் அங்கும் படபடவென்று மாறி, வால்வு ஆடியே தேய்ந்தது. புது மாடலின் பிழை தெளிவாகக் குறைந்தால் மட்டும் மாறு, மாறினால் கொஞ்ச நேரம் அங்கேயே இரு என்று கட்டுப்பாடு போட்டோம். முதல் கட்டுப்பாட்டை மிடில்டன், குட்வின், ஹில், மெய்ன் என்ற ஆய்வாளர்கள் நால்வரும் 1988இலேயே எழுதிவிட்டார்கள். ஆனால் ஒன்று, வால்வு முழுக்கத் திறந்த பிறகும் வரத்து அதிகமென்றால் எந்த லாஜிக்கும் காப்பாற்றாது, பெரிய வால்வுதான் வாங்க வேண்டும்.

நிபோங் திபாலிலிருந்து, மாணவன்:

அண்ணன்மார்களே, வகுப்பில் எக்ஸ்-15 என்ற அமெரிக்க ராக்கெட் ஆய்வு விமானத்தைப் பற்றிப் படித்தேன். 1967 நவம்பர் 15 அன்று அது சுழற்சியிலிருந்து மீண்டும்கூட, தன் கெயினைத் தானே சரிசெய்யும் எம்எச்-96 கன்ட்ரோலர் ஊசலாட்டத்தில் மாட்டிக்கொண்டது. காற்றழுத்தம் கூடும்போது குறைய வேண்டிய கெயின் குறையவில்லை. விமானி மைக்கேல் ஆடம்ஸ் உயிரிழந்தார். அதைப் படித்ததிலிருந்து இந்த விஷயத்தை விட மனமில்லை. பாயான் லெப்பாஸ் அண்ணே, கதவு திறந்திருக்கும் நேரத்தில் கணிப்பையும் நிறுத்திவைத்தீர்களா, வெட்டிய மதிப்பே போதுமானதாக இருந்ததா?