சிங்கப்பூர்–நியூயார்க்: 15,300 கி.மீ. சரி, எத்தனை மணி நேரம்?

ஜன்னலோரம்:
இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை விமானத்தின் வழக்கமான வேகமான மணிக்கு 900 கி.மீ.யால் வகுத்தால் பயண நேரம் வந்துவிடும் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். நீண்ட பயணத்தில் அது சரிவராது. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நேரடி விமானத்தில் போனபோது அதைக் கண்ணெதிரே பார்த்தேன்.

இரண்டுக்கும் மிகக் குறுகிய தூரம் 15,300 கி.மீ.க்குச் சற்று மேல். உலக உருண்டையில் நூல் பிடித்தால் அது வட துருவத்தை ஒட்டியே போகும். ஆனால் எங்கள் விமானம் துருவத்துப் பக்கமே போகவில்லை. ஜப்பானைத் தாண்டிப் பசிபிக் கடலின் மேலே கிழக்காகப் போனது. இருக்கைத் திரையில் தரைவேகம், அதாவது தரையை வைத்துக் கணக்கிடும் வேகம், மணிக்கு 1,000 கி.மீ.யைத் தாண்டி ஏறிக்கொண்டே இருந்தது. பக்கத்திலேயே பின்காற்றின் வேகமும் ஓடியது. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று அது, குளிர்காலத்தில் இன்னும் பலமாக இருக்கும். அது முதுகில் தள்ளும்போது, சுற்றிப் போனாலும் லாபம்தான். அப்படியும் 18 மணி நேரத்துக்கு மேல் ஆனது.

இதற்கென்றே கூடுதல் எரிபொருள் ஏற்றும் ஏர்பஸ் ஏ350-900 யூ.எல்.ஆர். (மிக நீண்ட தூரம் பறக்கும்) ரக விமானம் ஓடுகிறது. 161 இருக்கைகள்தான், எகானமி வகுப்பே கிடையாது. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் நேர வித்தியாசம். கோடையில் இரண்டு ஊர்களுக்கும் சரியாக 12 மணி நேரம். முள் கடிகாரத்தைத் தொடவே வேண்டாம்! நள்ளிரவு தாண்டிக் கிளம்பினால் அதே தேதி காலையில் இறங்கிவிடலாம்.

மேகக்கூட்டம்:
டெல்லி–சான்பிரான்சிஸ்கோவும் இதே கதைதான். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா அட்லாண்டிக் வழியை விட்டுப் பசிபிக் வழிக்கு மாறியது. தூரம் 13,900 கி.மீ.யிலிருந்து 15,300 ஆகக் கூடியது, பயண நேரமோ குறைந்து பதினான்கரை மணி நேரத்துக்கு வந்தது. நான் திரும்பி வந்த பயணத்தில் எதிர்காற்று. திரையில் 'மீதி நேரம்' நகரவே மாட்டேன் என்றது. அம்மா கூட வந்திருந்தார். மணிக்கொரு தடவை அவரை எழுப்பி நடக்க வைத்தேன். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் தயவுசெய்து நடைபாதை ஓர இருக்கையாகப் பார்த்து எடுங்கள், கால் வீக்கம் சாதாரண விஷயமில்லை.

திசைமானி:
ஆஸ்திரேலியாவின் பெர்த்–லண்டன், சுமார் 14,500 கி.மீ., நானும் போயிருக்கிறேன். போகும்போது 17 மணி நேரத்தை ஒட்டி ஆகும், திரும்பும்போது கொஞ்சம் குறையும். அப்புறம் ஒன்று. டிக்கெட்டில் போட்டிருப்பது விமானம் ஏறும் வாசலை விட்டு நகர்வதிலிருந்து இறங்கும் வாசலில் நிற்கும் வரையிலான நேரம், ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அதில் சேர்த்தி. இறங்கும் ஊரிலிருந்து இன்னொரு விமானம் பிடிக்க வேண்டியவர்கள், விமானங்களின் போக்கைக் காட்டும் பிளைட்ரேடார்24 தளத்தில் விமான எண்ணைப் போட்டு, போன வாரம் முழுக்க அது எத்தனை மணிக்கு இறங்கியது என்று பார்த்துவிட்டு அடுத்த டிக்கெட்டை எடுங்கள்.