லுகேமியா பாசிட்டிவ் பூனை, பிசிவி 14: எதை முதல்ல கவனிக்கணும்?

வளவுப்பூனை (காரைக்குடி):
ரெண்டு வயசுப் பெண் பூனை, 2.8 கிலோ. ஸ்ட்ரிப் டெஸ்ட்ல லுகேமியா வைரஸ் பாசிட்டிவ். ஈறு வெளுத்துக் கிடக்கு, பிசிவி (ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்ங்கிற கணக்கு) 14. முந்தாநாள்லேர்ந்து தட்டை மோந்து பாத்துட்டு நகர்ந்துடுது. இரும்பு டானிக் எழுதித் தந்து, "தாங்காது"ன்னும் சொல்லிட்டாங்க. பக்கத்து வீட்டு ஆச்சி ஆட்டு ஈரலும் முருங்கைக்கீரைச் சாறும் கொடுக்கச் சொல்றாங்க. வீட்டில் இன்னும் ரெண்டு பூனை, இதுவரைக்கும் ஒரே தட்டுதான். பழைய வீடு, முற்றம் திறந்தது, ஓட்டு மேல தெருப்பூனை வரும் போகும். எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

நுண்ணோக்கி (ஒரத்தநாடு):
சோகை எதனால் என்று முதலில் பாருங்கள். லுகேமியா வைரஸ் மஜ்ஜையைப் பிடித்தால் ரத்தம் உற்பத்தியாகாது, அது உண்மை. ஆனால் இந்த வைரஸ் உள்ள பூனைக்கு ஹீமோபிளாஸ்மா என்ற கிருமியும் சேர்ந்து சிவப்பணுவை உடைப்பதுண்டு. அதற்கு மருந்து இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் "தாங்காது" என்று சொல்வது அவசரம்.

ரெடிகுலோசைட் (மஜ்ஜையிலிருந்து புதிதாக வரும் இளம் சிவப்பணு) எண்ணச் சொல்லுங்கள். நிறைய இருந்தால் மஜ்ஜை வேலை செய்கிறது, ரத்தம் வேறெங்கோ அழிகிறது அல்லது கசிகிறது. எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 55-ஐத் தாண்டியும் ரெடிகுலோசைட் இல்லையென்றால் மஜ்ஜைக் கோளாறின் சாயல். ஹீமோபிளாஸ்மாவுக்கு ஸ்லைடை ரத்தம் எடுத்த கையோடு தேய்க்க வேண்டும்; இடிடிஏ குழாயில் (ரத்தம் உறையாமல் இருக்க மருந்து போட்டது) நேரமானால் கிருமி அணுவிலிருந்து உதிர்ந்துவிடும், ரிப்போர்ட் "இல்லை" என்று வரும். முடிந்தால் பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை). மனிதர்களுக்கான லேப் மெஷினில் ஓட்டாதீர்கள், பூனையின் தட்டணு (ரத்தம் உறைய உதவும் அணு) பெரிசு, கணக்கு குழம்பும்.

ஹீமோபிளாஸ்மாவுக்கு டாக்சிசைக்ளின் எழுதினால் வழக்கமான அளவு கிலோவுக்கு 10 மி.கி., நாளுக்கு ஒருமுறை, மூன்று நான்கு வாரம். மாத்திரையை வெறுமனே விழுங்க வைக்கக் கூடாது. உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாகி, பிறகு குழாயே சுருங்கிவிடும். பின்னாலேயே சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீர் கொடுங்கள்.

நோயோடு இருக்கும் பூனைக்கு ஸ்ட்ரிப் பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் பிசிஆர் ஒன்று எடுத்து உறுதி செய்யுங்கள். மார்பு எக்ஸ்ரேயும் அவசியம். இளவயதுப் பூனைக்கு இந்த வைரஸால் மார்புக்குள் லிம்போமா என்ற புற்றுக்கட்டி வரலாம். மூச்சு வாங்கும் பூனையை மல்லாக்கப் படுக்க வைத்து எக்ஸ்ரே எடுக்க விடாதீர்கள்.

தேவகோட்டை_மீனா:
டானிக், ஈரல் விஷயத்துக்கு வர்றேன். இது இரும்புச்சத்து குறைஞ்சு வந்த சோகையா இருக்க வாய்ப்பு கம்மி. டானிக் வயித்தைப் புரட்டி இருக்கிற பசியையும் கெடுக்கும். ஈரல் சுண்டைக்காய் அளவு மணத்துக்குப் போடலாம், தினமும் வேண்டாம், வைட்டமின் ஏ ஏறிடும். கீரைச் சாறு பூனைக்கு எதுக்கு?

நம்ம வீட்டுல நிஜமான ஆபத்து குழம்பு. சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்கின சாறு ஒட்டின கறித்துண்டை "பாவம், சாப்பிடட்டும்"னு வைப்பாங்க. வெங்காயம், பூண்டு ரெண்டும் பூனையோட சிவப்பணுவை உடைக்கும், வெந்தாலும் சரி, காய்ஞ்சாலும் சரி. பிசிவி 14-ல அதுக்கு இடமே இல்லை. ரத்தப் பொரியலும் வெங்காயம் சேர்த்ததுதான், வேண்டாம். காய்ச்சல்னு பாராசிட்டமால் மட்டும் கொடுத்துடாதீங்க, ஒரு மாத்திரையே கொன்னுடும்.

2.8 கிலோவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 கலோரி வேணும். உப்பு மசாலா இல்லாம வேகவச்ச எலும்பில்லாத கோழி 90 கிராம் அதுக்குச் சரியா வரும், ஆனா சில நாளைக்குத்தான். அப்புறம் முழுச்சத்துள்ள பூனை உணவுக்கு மாறணும். கொஞ்சம் வேகவச்ச மத்தி மீனைப் பிசைஞ்சு, கை பொறுக்கிற வெதுவெதுப்புல வைங்க, மணம் எழும்பினாத்தான் வாய் வைக்கும். பச்சைக் கறி, பச்சை மீன் கூடவே கூடாது, எதிர்ப்புச்சக்தி இல்லாத உடம்பு.

ரெண்டு நாளைத் தாண்டி வெறும் வயிறுன்னா ஈரல்ல கொழுப்பு ஏறும். ஈர உணவை மிக்ஸியில் அடிச்சு 5 மில்லி சிரிஞ்சில் கொடுங்க. முதல் நாள் 50 கலோரி, ரெண்டாம் நாள் 100, மூணாம் நாள்தான் முழு அளவு. கோரைப்பல்லுக்குப் பின்னால கன்னத்தோரமா, ஒரு தடவைக்கு 1 மில்லி, முழுங்கினதும் அடுத்தது. தலையை அண்ணாந்து பிடிச்சா நுரையீரலுக்குப் போயிடும். பசிக்கு மிர்ட்டசாபின் 7.5 மி.கி. மாத்திரையில் கால் பங்கு பல டாக்டர்கள் தர்றாங்க, கேட்டுப் பாருங்க. சமையல் டிஜிட்டல் தராசுல பெரிய கொட்டானை (ஓலைக்கூடை) வச்சு, அதுல உக்கார வச்சுத் தினமும் ஒரே நேரத்துல எடை போடுங்க. 100 கிராம் இறங்கினாலும் கணக்குத்தான்.

வளவுப்பூனை:
நன்றி. வீட்டிலேயே ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் சலைன்) தோலுக்கடியில் ஏத்தலாமா? மத்த பூனைகளை எப்படிப் பிரிக்கிறது?

நுண்ணோக்கி:
இந்தப் பிசிவி-யில் டாக்டர் அளவு சொல்லாமல் ஏற்றாதீர்கள். ரத்தம் இன்னும் நீர்த்துப்போகும், அதிகமானால் மூச்சு முட்டும். பிற்பாடு சொன்னால், பாட்டிலை வெந்நீரில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, தோள்பட்டை நடுவே, ஒவ்வொரு தடவையும் புது ஊசி. டெக்ஸ்ட்ரோஸ் கலந்த பாட்டில் தோலுக்கடியில் போகக் கூடாது.

தேவகோட்டை_மீனா:
எச்சில் வழியாத்தான் பரவும்: நக்கிவிடுறது, ஒரே தட்டு, கடி. குட்டிக்குத் தாய்ப்பால்லயும் போகும். மனுஷருக்கு வராது. இரண்டாம் கட்டுல கதவு சாத்துற அறை ஒண்ணு ஒதுக்கி, சாப்பாட்டுத் தட்டு, மலம் கழிக்கிற மண் தட்டு தனியா வைங்க. வைரஸ் காய்ஞ்ச இடத்துல சில மணி நேரம்கூட நிக்காது, சோப்புத் தண்ணியே போதும். ஃபினாயில் போட்டுத் துடைக்காதீங்க, பாதத்தை நக்கினா விஷம். முற்றத்துக்கு மேல கம்பி இருந்தாலும் தெருப்பூனை நுழையும், வலை கட்டணும்.

ஆத்தங்குடிக் கல் தரை நமக்குச் சுகம், சோகைப் பூனைக்கு இல்லை. உடம்புச் சூடு 100 டிகிரிக்குக் கீழ இறங்கினா பழைய வேட்டி விரிச்சு, துணி சுத்தின வெந்நீர் பாட்டில் வைங்க. தெள்ளுக்கு மருந்து வாங்கும்போது நாய்க்கான பெர்மெத்ரின் கலந்ததைத் தள்ளிடுங்க. தூக்கத்துல மூச்சை எண்ணுங்க: நிமிஷத்துக்கு 30-க்குள்ள இருக்கணும். 40 தாண்டினாலோ வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ அன்னிக்கே ஆஸ்பத்திரி.

வளவுப்பூனை:
ரத்தம் ஏத்தணும்னா மத்த பூனைகிட்டேர்ந்து எடுக்கலாமா?

நுண்ணோக்கி:
ஒரே தட்டில் சாப்பிட்டவை, இப்போதைக்கு வேண்டாம். இரண்டையும் இப்போது சோதியுங்கள், நெகட்டிவ் வந்தாலும் ஆறு வாரம் கழித்து மறுபடியும். கொடையாளிக்கு எடை நாலரைக் கிலோவாவது இருக்க வேண்டும், லுகேமியா, எஃப்.ஐ.வி. (பூனை எய்ட்ஸ் வைரஸ்) இரண்டும் நெகட்டிவ்வாக இருக்க வேண்டும். 40 முதல் 50 மில்லி வரை எடுப்பார்கள். பூனைக்கு ஏ, பி, ஏபி என்று ரத்த வகை உண்டு, எல்லோருக்கும் பொதுவான கொடையாளி கிடையாது. பி வகைப் பூனைக்கு ஏ ரத்தம் முதல் தடவையிலேயே உயிரை எடுத்துவிடும். வகை பார்க்கவும் கிராஸ் மேட்ச் (இரண்டு ரத்தமும் ஒத்துப்போகிறதா என்ற சோதனை) செய்யவும் வசதி இருக்கிறதா என்று மதுரைக்கோ ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரிக்கோ போன் போட்டுக் கேட்டுவிட்டு, வெயில் ஏறுமுன் கிளம்புங்கள்.