போன மின்னோட்டம் அப்படியே திரும்பி வருகிறது: வகுப்பறையிலும் வீடுகளிலும் கண்டவை

அரசுப் பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்:

பதினாறு ஆண்டுகளாகப் பத்தாம் வகுப்புக்கு மின்னோட்டவியல் பாடம் நடத்திவருகிறேன். ஓம் விதியைப் பிழையின்றி எழுதி, தொடரிணைப்பு, பக்க இணைப்புக் கணக்குகளைச் சரியாகப் போட்டுவிடும் மாணவர்கள்கூட ஒரேயொரு கேள்வியில் தடுமாறுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். மின்கலத்திலிருந்து புறப்படும் மின்னோட்டம் பல்பைக் கடந்த பிறகு எவ்வளவு இருக்கும் என்பதே அக்கேள்வி. "பல்பு கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மிச்சம்தான் திரும்பி வரும்" என்று வகுப்பில் பாதிக்கும் மேற்பட்டோர் சொல்வார்கள். "கரண்டு செலவாகிறது" என்பதை வீட்டில் நாள்தோறும் கேட்டு வளரும் பிள்ளைகள் வேறு எப்படிச் சொல்வார்கள்?

சென்ற ஆண்டு இதைச் சோதனையாகவே செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். 1.5 வோல்ட் மின்கலங்கள் இரண்டு, ஒரு டார்ச் பல்பு, ஒரு சாவி (சுவிட்ச்), பல்புக்கு முன்னால் ஓர் அம்மீட்டர், பின்னால் ஓர் அம்மீட்டர் ஆகியவற்றை மேசைமேல் வைத்தோம். கம்பிகளின் முனைகளை மாணவர்களே உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இணைத்தார்கள். சாவியை மூடியபோது முதல் அம்மீட்டர் 0.25 ஆம்பியரும் இரண்டாவது 0.23 ஆம்பியரும் காட்டின. "பார்த்தீர்களா டீச்சர், பல்பு எடுத்துக்கொண்டது!" என்று வகுப்பே ஆர்ப்பரித்தது. நான் விடையைச் சொல்லாமல், இரண்டு அம்மீட்டர்களையும் இடம் மாற்றி இணைக்கச் சொன்னேன். இப்போது பல்புக்கு முன்னால் 0.23, பின்னால் 0.25. சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்து வந்து, சாவியைத் திறந்துவிட்டு, குனிந்து முள்களைப் பார்த்தான். ஓர் அம்மீட்டரின் முள் மின்னோட்டமே இல்லாதபோதும் சுழிக்கு ஒரு கோடு தள்ளி நின்றது. வேறுபாடு பல்பில் இல்லை, கருவியில்தான் இருந்தது என்பதை அவனே கண்டுபிடித்துச் சொன்னான். சரியான அம்மீட்டர்கள் இருந்திருந்தால் இவ்வளவு ஆழமாக அந்தப் பாடம் பதிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அடுத்த கேள்வியை ஒரு மாணவி கேட்டாள்: "கரண்டு முழுவதும் திரும்பி வந்துவிட்டால், பேட்டரி ஏன் டீச்சர் தீர்ந்துபோகிறது?" பாடம் முழுவதிலும் இதைவிடச் சிறந்த கேள்வி இல்லை. தண்ணீர்த் தொட்டியையும் குழாயையும் காட்டி விளக்கும் வழக்கத்தை நான் கைவிட்டதும் இந்தக் கேள்விக்குப் பிறகுதான். குழாயில் வரும் தண்ணீர் வெளியே போய்விடுவதால், அந்த உவமை பிள்ளைகளின் தவறான எண்ணத்தையே வளர்க்கிறது. அதற்குப் பதிலாக எங்கள் ஊர் மாவு மில்லின் பெல்ட்டை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். மோட்டாரிலிருந்து எத்தனை முழம் பெல்ட் போகிறதோ அத்தனை முழமும் திரும்பி வருகிறது. ஆனாலும் மிளகாய் அரைபடுகிறது. பெல்ட்டின் ஒரு பக்கம் விறைப்பாகவும் மறுபக்கம் தளர்ந்தும் ஓடுவதை எட்ட நின்றே கண்ணால் காணலாம். பெல்ட்டின் வேகத்தை அந்த விறைப்பின் வேறுபாட்டால் பெருக்கினால் மில்லுக்குச் சேரும் திறன் கிடைக்கிறது. மின்னோட்டத்தை மின்னழுத்த வேறுபாட்டால் பெருக்கினால் பல்புக்குச் சேரும் திறன் கிடைக்கிறது. மின்கலம் தீர்ந்துபோவது அதனுள் இருக்கும் வேதிப்பொருள்கள் வினைபுரிந்து முடிவதால்தானே ஒழிய, மின்னூட்டம் காலியாவதால் அன்று.

வயரிங் தொழிலாளர், மதுரை:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். ஐ.டி.ஐ. முடித்து இருபது ஆண்டுகளாக வயரிங் வேலை செய்கிறேன். தாங்கள் குறிப்பிடும் அதே தவறான எண்ணம் எங்கள் தொழிலில் வேறு வடிவத்தில் இருக்கிறது. டெஸ்டரை ஃபேஸில் (மின்சாரம் வரும் கம்பியில்) வைத்தால் எரிகிறது, நியூட்ரலில் (திரும்பிப் போகும் கம்பியில்) வைத்தால் எரிவதில்லை. ஆகவே நியூட்ரலில் கரண்டே இல்லை என்று வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகள் நம்பிவிடுகிறார்கள். டெஸ்டர் காட்டுவது தரைக்கும் கம்பிக்கும் இடையிலான மின்னழுத்தத்தைத்தான், மின்னோட்டத்தை அன்று. இதற்காக 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்றை ஓடவிட்டு, கம்பியைச் சுற்றி வளையமாக மாட்டி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை முதலில் ஃபேஸ் கம்பியில் மாட்டுவேன், 4.3 ஆம்பியர் காட்டும். நியூட்ரலில் மாட்டினாலும் அதே 4.3. பிறகு இரண்டு கம்பிகளையும் சேர்த்து ஒரே வளையத்துக்குள் விட்டால் மீட்டர் சுழியில் நிற்கும். போவதும் வருவதும் சமமாக இருப்பதால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றொன்று முழுவதும் அழித்துவிடுகிறது.

வீடுகளில் நாங்கள் பொருத்தும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் இந்த ஒரே உண்மையை நம்பித்தான் வேலை செய்கிறது. போன மின்னோட்டத்துக்கும் திரும்பி வந்த மின்னோட்டத்துக்கும் இடையே 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு வந்துவிட்டால், திரும்பி வராத பங்கு வேறு வழியாக, ஒருவேளை ஒரு மனித உடல் வழியாக, தரைக்குப் போகிறது என்று கொண்டு அது நொடிக்கும் குறைவான நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். ஒரு வீட்டில் தினமும் காலையில் குளிக்கும் நேரத்தில் ஆர்.சி.சி.பி. விழுந்து மின்சாரம் நின்றுகொண்டே இருந்தது. முன்பு வந்து பார்த்தவர் அதைக் கழற்றிவிடும்படி சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் வாட்டர் ஹீட்டரைத் தனியாகப் பிரித்து மெகர் (காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்தபோது, அதன் எலிமெண்டில் காப்பு கெட்டு எர்த்துக்குக் கசிவு இருந்தது தெரிந்தது. அந்த வீட்டுப் பாட்டியிடம், "பாட்டி, பால்காரரிடம் கொடுத்த செம்பு திரும்பி வராவிட்டால் விசாரிப்பீர்கள் அல்லவா, இந்தப் பெட்டியும் அப்படித்தான் விசாரிக்கிறது" என்று விளக்கினேன். எலிமெண்டை மாற்றினோம், ஆர்.சி.சி.பி. இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பாலிடெக்னிக் மாணவர், சேலம்:

அம்மீட்டர்களை இடம் மாற்றிய அனுபவத்தைப் படித்தபோது எனக்கு நேர்ந்த ஒன்று நினைவுக்கு வந்தது. 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் பாயும்போது எலக்ட்ரான்களின் இழுப்புத் திசைவேகத்தை, அதாவது அவை கம்பி வழியே சராசரியாக நகரும் வேகத்தைக் கணக்கிடச் சொன்னார்கள். ஒரு நொடிக்கு ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் என்று விடை வந்ததும் தவறாகப் போட்டுவிட்டேன் என்று எண்ணி மூன்று முறை திரும்பப் போட்டேன். ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும் என்றால், சுவிட்சைப் போட்டவுடன் விளக்கு எப்படி எரிகிறது என்பது அன்றிரவு முழுவதும் மனத்தை அரித்தது. ஆசிரியை சொன்ன பெல்ட்டில் அதற்கும் விடை இருக்கிறது. பெல்ட் மெதுவாக ஓடினாலும், மோட்டார் சுழலத் தொடங்கியதும் மில்லும் சுழலத் தொடங்குகிறது. கம்பி முழுவதும் எலக்ட்ரான்கள் முன்பே நிறைந்திருக்கின்றன. அவற்றை நகர்த்தும் மின்புலம்தான் ஒளியின் வேகத்துக்கு நெருங்கிய வேகத்தில் பரவுகிறது. வீட்டு மின்சாரத்தில் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அசைவதால், எந்த எலக்ட்ரானும் மின்நிலையத்திலிருந்து நம் வீட்டுக்குப் பயணம் செய்து வருவதே இல்லை.

அரசுப் பள்ளி ஆசிரியை:

மதுரை அண்ணா அவர்களுக்கு நன்றி. இரண்டு கம்பிகளையும் வளையத்துக்குள் சேர்த்து விடும் சோதனையை இந்த ஆண்டே மாணவர்களுக்குக் காட்ட விரும்புகிறேன். கம்பிகளைப் பாதுகாப்பாகப் பிரித்து வைப்பது எப்படி?

வயரிங் தொழிலாளர், மதுரை:

மூன்று கோர் எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றை எடுத்து, பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு வெளியுறையை மட்டும் நீக்குங்கள், டீச்சர். உள்ளிருக்கும் மூன்று கம்பிகளின் காப்பில் கத்தி பட்டுவிட்டால் அந்த வயரைப் பயன்படுத்தக் கூடாது. கிளாம்பை மாட்டும்போதும் கழற்றும்போதும் சுவிட்சை அணைத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.சி.பி. பாதுகாப்பு உள்ள பிளக் பாயிண்டிலிருந்து மட்டுமே இணைப்பு எடுங்கள். பள்ளியில் அது இல்லையென்றால் முதலில் அதைப் பொருத்திவிட்டுச் செய்யலாம்.