செம்மண் தோப்பில் 22 காரட் செயின்: ஈக்வினாக்ஸ் 800 மெட்டல் டிடெக்டரில் எந்த எண்ணுக்குத் தோண்டலாம்?

நண்பர்களே, உதவி தேவை. தென்னந்தோப்புச் செம்மண்ணில் இரண்டு பவுன் செயினும் ஒரு மோதிரமும் விழுந்திருக்கின்றன, இரண்டும் 22 காரட். கருவி மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 மெட்டல் டிடெக்டர், 11 இன்ச் காயில் (தரைமேல் வீசும் வட்டு), பார்க் 2 மோடு, சென்சிட்டிவிட்டி (உணர்திறன்) 18.

மோதிரம் பிரச்சினை இல்லை. மூடிய வளையத்தில், காயிலின் காந்தப்புலம் தூண்டும் சுழல் மின்னோட்டம் நன்றாக ஓடும், உலோகத்துக்குத் திரை காட்டும் எண் நிலையாக நிற்கும். ஒடிந்திருந்தால் மட்டும் எண் வெகுவாக இறங்கிவிடும்.

செயின்தான் தலைவலி. காயில் அதை ஒரே உலோகத் துண்டாகப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு கண்ணியாகத்தான் பார்க்கிறது. அதனால் எடை இருந்தும் சிக்னல் 1, 2, 3 என்று தடுமாறுகிறது. பல நேரம் கொக்கி மட்டுமே ஒழுங்காகக் கேட்கிறது. அதே எண்களில்தான் மாத்திரை அட்டைத் தகடும் சிகரெட் பெட்டித் தாளும் வருகின்றன. தோப்பு முழுக்க அதுதான்! ஆணிகளை 90 டிகிரி திரும்பி வீசிப் பார்த்துக் கழித்துவிடலாம், தகட்டுக்கு அந்த வித்தை பலிக்காது.

சிறு தங்கம் தேடும் கோல்ட் மோடில் 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்குப் போனால் கண்ணிகள் கூடுதலாகத் தெரியும், ஆனால் இரும்புச் சத்துள்ள செம்மண்ணும் சேர்ந்து கத்தும். இந்த மண்ணில் அதை ஓட்டியவர்கள் சென்சிட்டிவிட்டியை எவ்வளவுக்குக் குறைத்தீர்கள்? 6 இன்ச் காயிலில் ஆழம் குறைந்தாலும் மெல்லிய கண்ணி பிடிபடுகிறதா? வீட்டில் செயின் இருந்தால் தரையில் நீட்டி ஒருமுறை, சுருட்டி ஒருமுறை வீசிப் பார்த்து, எண்ணோடு எடையையும் கண்ணி வகையையும் எழுதுங்கள்.