வீட்டிலிருந்து வேலையா, ஆபீஸா? உங்கள் அனுபவம் என்ன?

அம்பைக்காரன்:
2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டதும் லேப்டாப்போடு அம்பாசமுத்திரம் வந்தவன். இப்போதும் மாதத்தில் பாதி நாள் இங்கேதான். சென்னை சோழிங்கநல்லூர் வாடகை, மெஸ் சாப்பாடு இரண்டும் மிச்சம்.

தொல்லை கரண்ட்தான். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். எங்கள் வீட்டில் லைட்டும் ஃபேனும் மட்டும்தான் இன்வெர்ட்டர் லைனில் இருக்கின்றன. மோடம் மாட்டியிருக்கும் பிளக் அதில் இல்லை. தலைக்கு மேல் ஃபேன் ஜம்மென்று சுற்றும், நெட் இருக்காது. மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டால் மத்தியானம் வரை ஓடும். அப்புறம் டவர் பேட்டரியும் இறங்கிவிடும். கடைசியில் மோடத்துக்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கிப் போட்டேன், உள்ளங்கை அளவுதான் இருக்கும். நிம்மதி.

ஆனால் சொந்தக்காரர்களைச் சமாளிக்க எந்த யுபிஎஸ்ஸும் கிடையாது. "வீட்டுலதானப்பா இருக்க, அத்தைய ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாயேன்." காதில் ஹெட்செட் இருந்தால் பாட்டு கேட்கிறான் என்றுதான் நினைப்பு.

பெருங்களத்தூர் அக்கா:
தம்பி, உங்களுக்காவது உட்கார ஓர் இடம் இருக்கிறது. இரண்டு பெட்ரூம் வீட்டில் நாங்கள் ஆறு பேர். கதவு சாத்திக்கொள்ளும் அறை கணவருக்கு, ஏனென்றால் அவருக்கு கிளையண்ட் கால் இருக்கிறதாம். எனக்கு வருகிறவரும் கிளையண்ட்தான்! துவைத்த துணி குவிந்த கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, குக்கர் விசில் வரும்போதெல்லாம் மியூட் போட்டு ஒரு சாஃப்ட்வேர் ரிலீஸையே முடித்திருக்கிறேன்.

சிறுசேரி ஆபீஸுக்குப் போக வர மூன்று மணி நேரம் ஆகும்தான். இருந்தாலும் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் கம்பெனி பஸ்ஸின் ஜன்னலோரத்தில் தூங்கும் தூக்கத்தை வீட்டில் எனக்கு யார் தருவார்கள்? என் ஓட்டு ஆபீஸுக்கே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று மெயில் அனுப்பினார்கள். கரண்ட் வந்த பிறகுதான் அதையே படித்தேன்.

டீம் லீட் ஒருவன்:
எனக்கு வீடுதான் வசதி. ஆனால் 2021-ல் கேம்பஸிலிருந்து நேராக வீட்டு மேஜைக்கு வந்து சேர்ந்த பிள்ளைகளைப் பார்த்து மனசு கொஞ்சம் மாறியது. சாட்டில் "ஹாய் சார்" என்று வரும். பிறகு 'டைப்பிங்' என்று காட்டும், நின்றுவிடும். கேட்கத் தயக்கம். ஒரு பையன் டெஸ்ட் சர்வருக்கானது என்று நினைத்துப் பழைய கான்ஃபிக் ஃபைலை (செட்டிங்ஸ் இருக்கும் ஃபைல்) வைத்துக்கொண்டு நாள் முழுக்க முட்டிக்கொண்டிருந்தான். பக்கத்து சீட்டில் இருந்திருந்தால் டீ குடிக்க எழுந்திருக்கும்போது நானே பார்த்துச் சொல்லியிருப்பேன். புரோகிராம் ஓடும்போது பதிவாகும் லாக் ஃபைலில் எந்த எர்ரரைக் கண்டுகொள்ள வேண்டாம் என்பதை எந்த டாக்குமெண்டிலும் எழுதி வைப்பதில்லை. அருகில் உட்கார்ந்து பார்த்துத்தான் வரும்.

அதற்காக வாரம் இத்தனை நாள் வந்தே தீர வேண்டும் என்பதிலும் அர்த்தமில்லை. ஆளுக்கொரு நாள் வந்தால், டிராஃபிக்கில் வெந்து வந்து, ஆபீஸ் சீட்டிலிருந்து அதே டீம்ஸ் வீடியோ காலில் பேச வேண்டியதுதான். நாங்கள் செவ்வாய், புதன் இரண்டு நாளும் மொத்தமாக வருகிறோம். மற்ற நாள் யார் எங்கிருந்து பார்க்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை. எச்ஆர் மட்டும் யார் எத்தனை நாள் ஆபீஸ் வாசலில் கார்டு தேய்த்தார்கள் என்ற ஸ்வைப் கணக்கு கேட்டு மெயில் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.